பீரோவில் கொஞ்சம் இடம் வேண்டும்

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள மாப்பிள்ளை,

நலம்தானே? தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலாமா? போன மாதம் நீ மூன்று முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. கோபம் இருக்கும். கடை லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பதினோரு வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி எல்லாம் அதில்தான்.

திடீரென்று போனது என்று சொல்ல முடியாது. பத்திரிகை டிசைன் செய்த ஒரு கோரல் ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துத் திரும்பினாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. உப்புக்காற்று ஊரில் எந்த மிஷின்தான் ஒழுங்காக ஓடுகிறது என்று விட்டுவிட்டேன். ஒருநாள் காலை உள்ளேயிருந்து பல்லி மாதிரி 'டிக், டிக்'. பல்லி சொன்னால் பலன் பார்க்கிற நான், இதைக் கேட்டும் மூன்று முறை ஆஃப் செய்து ஆன் செய்தேன். செய்யவே கூடாததாம். உள்ளே தட்டு நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. படிக்கிற முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். அது உரச ஆரம்பித்துவிட்டால், ஆன் செய்கிற ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகும்.

ஒரு ரிப்பேர் கடையில் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார்கள். இன்னொரு கடையில் மூடியைத் திறந்தே பார்த்துவிடலாம் என்றார்கள். ஒன்றில் வியர்த்துச் சாகும், மற்றதில் தூசு விழுந்து சாகும். நல்லவேளை, அக்கா மகன் வந்தான். டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேபிளில் மாட்டி, பென்டிரைவிலிருந்து லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொன்று) ஏற்றி, டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டினான். முதலில் முழு நகல். தேடுவதெல்லாம் நகலில்தான், பழைய டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது என்றான். நாம் முள் மீன் தின்கிற மாதிரிதான் அது வேலை செய்கிறது: நல்ல சதையை முதலில் வழித்து எடுத்துவிட்டு, அப்புறம் திரும்பி வந்து முள்ளோரம் ஒட்டியதைச் சுரண்டுகிறது. மூன்று ராத்திரி ஓடியது. எனக்கும் தூக்கமில்லை.

ஆனால் கெட்டுப்போனது ஃபைல் அட்டவணை இருந்த இடம். அதனால் போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் போட்டு எடுத்ததில் பொருள் வந்தது, பெயர் வரவில்லை. எல்லாம் 'எஃப்' போட்டு ஒரு நீள எண். டிஸ்க்கில் கிடந்த இடத்தின் எண்ணாம். யார் கல்யாணம் என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில்வர் பீச்சில் நாம் எடுத்த போட்டோ பாதிதான் வந்தது. உன் முகம் பளிச்சென்று இருக்கிறது, இடுப்புக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. அன்றைக்கு அலையில் வேட்டி போனதற்குச் சாட்சி இல்லை, பிழைத்தாய்.

இப்போது எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் சேமிக்கிற டிஸ்க், மாட்டியிருக்கிறேன். அதே இரண்டரை அங்குல இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வேகம் பிரமாதம். பயமும் உண்டு: சுற்றுகிற தட்டே இல்லாததால் பல்லிச் சத்தம்கூடக் கேட்காது. அழித்ததை டிரிம் என்ற ஏற்பாடு தானே துடைத்துவிடும். பெரும்பாலும் மீட்க முடியாது.

ஆகவே ஒரு நகல் கடையில், ஒன்று வெளியூரில். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் தம்பி வீடு இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். 2011 டிசம்பர் 30 ஞாபகம் வந்தது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தானே கரையேறியது? இரண்டு வீட்டு ஓடும் ஒரே காலையில் பறந்தது. நீ இருக்கிற சேலத்துக்குக் கடல் வராது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் அங்கே வருகிறான். ஒரு டிஸ்க்கும், முதுநகரில் வாங்கிய நெத்திலிக் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன். கருவாடு தங்கச்சிக்கு. டிஸ்க்கை உன் பீரோவில் வை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது நகலோடு நானே வந்து மாற்றிக்கொள்கிறேன். ஃப்ரிட்ஜ் மேலே மட்டும் வைத்துவிடாதே.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்