அம்மாவுக்கு, ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

நீங்கள் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதிப் போட்ட கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நாளைக்கு எழுதலாம் என்றே தள்ளிவிட்டேன், கோபப்படாதீர்கள். கோயிலுக்குப் போகிறாயா, ஐயர் யார், நல்லவரா என்று ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். போகிறேன். ஐயர் ஒரு பெண் பாதிரியார்.

ஐம்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் டிராம் ஓட்டுகிறார், அவரை என்னவென்று கூப்பிடுவது, ஐயர் மனைவி என்றால் ஐயரம்மா என்போம், அதற்கு நம்மிடம் ஆண்பால் இல்லையே. நாலு கோயில் இவர் பொறுப்பு, அங்கியைப் பையில் சுருட்டிக்கொண்டு சைக்கிளிலேயே வந்துவிடுவார். பிரசங்கம் பன்னிரண்டே நிமிஷம், மணி பார்த்தேன். நம் ஐயர் அதற்குள் ஜெபத்தைக்கூட முடித்திருக்க மாட்டார். வருகிறவர்கள் இருபது பேர், என்னைத் தவிர எல்லாம் நரைத்த தலை. கல்லால் கட்டிய பெரிய கோயில், சூடேற்றக் கட்டுப்படியாகாது என்று குளிர்காலம் முழுக்கப் பக்கத்து அறையில்தான் ஆராதனை. கிறிஸ்துமஸ் ராத்திரி மட்டும் பெரிய கோயிலைத் திறந்தார்கள், பாடப்பாட எல்லார் வாயிலும் புகை.

சந்தா கேட்டுக் கோயில்பிள்ளை நோட்டோடு வீடு வீடாக வருகிற வேலை இங்கே இல்லை. குடியேறியதும் பதிவு செய்த இடத்தில் மதம் லுத்தரன் என்று எழுதினேன், அவ்வளவுதான், கட்டுகிற வருமான வரியில் 9 சதவீதம் கோயில் வரியாகக் கணக்குப் போட்டு அதையும் சேர்த்துச் சம்பளத்தில் பிடித்துவிடுகிறார்கள். இந்த மாதம் பிடிக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை, கிடங்கில் ஷிப்ட் குறைவு. அதை விடுங்கள்.

இன்னொருவர் ஓய்வுபெற்ற ஐயர். ஆறடிக்கு மேல் உயரம், தனிக்கட்டை, எதிர் வீட்டிலேயே இருக்கிறார். எனக்குத் தரங்கம்பாடிப் பக்கம் என்றதும் படிக்கட்டு அதிர "ட்ராங்கேபார்!" என்று கத்தினார். தரங்கம்பாடிக்கு முதலில் வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் படித்த ஊரல்லவா இது. அவர் 1706 ஜூலை 9 கரையிறங்கியது, 1714-15இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியது, 36 வயதில் செத்துப்போனது எல்லாம் அந்த மனிதருக்குத் தலைகீழ்ப் பாடம். இங்கே இருக்கிற பிராங்கே நிறுவனத்துக் காப்பகத்தில் நம் தமிழ் ஓலைச்சுவடிகள்கூட இருக்கின்றன என்று சொல்லி, அங்கே கூட்டிக்கொண்டும் போனார். தரங்கம்பாடிப் புது எருசலேம் கோயிலில் சீகன்பால்கு ஐயர் கல்லறை எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டார். பலிபீடத்துக்குக் கிட்டத்தில் என்று மட்டும் சொல்லிச் சமாளித்தேன். நான் அந்தக் கோயிலை எட்டிப் பார்த்ததே கடற்கரைக்குப் போகிற வழியில்தான், உங்களுக்குத் தெரியாததா.

போன வாரம் சீகன்பால்கு பிறந்த புல்ஸ்நிட்ஸ் ஊருக்குப் போய்விட்டு எனக்கு ஒரு கேக் வாங்கிவந்தார். அதற்கு மிளகு கேக் என்று பெயர், ஆனால் மிளகே கிடையாது. அந்தக் காலத்தில் இவர்களுக்கு எந்த மசாலாவும் மிளகுதானாம். தாளைப் பிரித்ததும் பட்டையும் கிராம்பும் கலந்து அடித்த வாசனை இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அம்மியில் அரைக்கும்போது வருமே, அதேதான். கேக் இரண்டு நாளில் தீர்ந்தது. தாளை மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். ராத்திரி வேலை முடிந்து வந்து அதை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். சிரிக்காதீர்கள்.

ஸ்வெட்டர் வாங்கினாயா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கம்பளிக் கோட்டே இருக்கிறது. கைதான் கொஞ்சம் நீளம், மடித்துவிட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், வாய்க்காலோரத்து இரண்டு மா நிலத்தை விற்றுப் பாப்பா கல்யாணத்தை முடிக்கலாம் என்று அண்ணன் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறான். உங்களைக் கேட்டானா? கடைமடை என்றாலும் தண்ணீர் ஏறிப் பாய்கிற நிலம் நமக்கு அது ஒன்றுதான். சித்திரை வரை பொறுக்கச் சொல்லுங்கள், நான் அனுப்புகிறேன். இந்த மாதம் மட்டும் கொஞ்சம் குறைவாக வரும், பேங்கில் ஏதோ தாமதம். சம்பா நெல்லைக் களத்தில் நன்றாகக் காயவிடுங்கள், ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் போன தடவை மாதிரி மூட்டையோடு கொள்முதல் நிலையத்தில் காவல் கிடக்க வேண்டியிருக்கும். அத்தையிடம் கடனைப் பற்றி வாயே திறக்க வேண்டாம், நானே பேசுகிறேன்.

இதைப் படித்துக் காட்டப்போவதும் அண்ணன்தான், தெரியும், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சின்னவன்