ராணி மீனாட்சியின் மேல் விழுந்த பழி

கோபிசெட்டிபாளையம்

அன்பு நண்பர் பழனிசாமி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தி கல்லூரியில் சரித்திரம் எடுத்துப் படிக்கிறாள் என்பதில் மிக்க மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். மஞ்சள் வெட்டி முடித்து வேகவைத்துக் கொண்டிருக்கிறோம். வேலைக்கு நடுவிலும் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை விடவில்லை. மதுரை நாயக்கர் அரசைத் தொலைத்தவள் ராணி மீனாட்சி என்று பேத்திக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

1732இல் அவள் கணவரான நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் பிள்ளையில்லாமல் இறந்தபோது அவள் கைக்கு வந்த அரசு எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நம் சத்தியமங்கலம் வழியாக மைசூர்ப் படை இறங்கி மூக்கறுப்புப் போர் நடத்தியது திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில். அதன்பின் மைசூர் மன்னர் சிக்கதேவராயர் நாளில் கொங்குச் சீமையே படிப்படியாக மைசூரின் கைக்குப் போய்விட்டது. அந்த வருமானத்தை இழந்தவள் மீனாட்சி அல்லள். அவளுடைய கணவர் 26 ஆண்டுகள் ஆண்டார். கோயில் திருப்பணிகளிலும் தானங்களிலும் அவருக்கு இருந்த ஈடுபாட்டில் நூறில் ஒரு பங்குகூட நிர்வாகத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. திருவரங்கம் கோயிலில் கண்ணாடிக்குள் அவரும் தேவியும் கைகூப்பி நிற்கும் ஆளுயரச் சிலைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நகை, உடை மடிப்பு, கூப்பிய விரல்கள் என ஒவ்வொன்றும் அவ்வளவு நுணுக்கம். அந்தப் பக்தியை நான் குறை சொல்லவில்லை. கஜானாவுக்கும் படைக்கும் அதில் கொஞ்சம் கவனம் மிஞ்சியிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

மங்கம்மாளோடு ஒப்பிட்டு இவளைத் தாழ்த்துவது வழக்கம். மங்கம்மாள் பெரிய ஆட்சியாளர் என்பதில் எனக்கும் ஐயமில்லை. 1689 முதல் 1706 வரை பேரன் விஜயரங்கருக்காக அவர் நடத்திய ஆட்சியின் சாலைகளும் சத்திரங்களும் இன்றும் பேர் சொல்கின்றன. ஆனால் மங்கம்மாளுக்கு நரசப்பய்யா என்ற தளவாய் (படைத்தலைவர்) துணை நின்றார். மீனாட்சிக்கு வாய்த்த தளவாய் வேங்கடாசாரியாரோ, நாயக்கர் குடும்பத்துக் கிளையைச் சேர்ந்து அரியணைக்கு உரிமை கோரிய வங்காரு திருமலையின் பக்கம் சேர்ந்துகொண்டு அவளுக்கு எதிராகவே நின்றார். அந்த வங்காருவின் மகனைத்தான் அவள் சுவீகாரம் எடுத்திருந்தாள் என்பதை நினைக்கும்போது, அவளுக்கு அரண்மனைக்குள்ளே யாரை நம்புவது என்பதே பெரும் சிக்கலாக இருந்திருக்கும்.

அடுத்து நடந்தது நம்மூர்ப் பங்காளிச் சண்டையேதான்: வரப்புத் தகராறுக்கு வெளியாளைப் பஞ்சாயத்துக்கு அழைத்தால், கடைசியில் காடு அவன் பேரில் பத்திரமாகும். 1734இல் ஆற்காட்டு நவாபின் மகன் சப்தர் அலியும் மருமகன் சந்தா சாகிபும் கப்பம் கேட்டு வந்தபோது, சப்தர் அலியிடம் முதலில் பணம் பேசித் தனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்கியவர் வங்காரு. அதன்பிறகே ராணி, ஒரு கோடி ரூபாய் தருவதாகச் சொல்லிச் சந்தா சாகிபின் ஆதரவைத் தேடினாள். குர்ஆன் மேல் அவர் செய்த சத்தியத்தை நம்பி, அப்போது தலைநகராக இருந்த திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் விட்டாள். அவர் கோட்டையையும் எடுத்துக்கொண்டு அவளையும் சிறைவைத்தார். அவள் நஞ்சுண்டு இறந்தாள்.

பட்டுத்துணியில் சுற்றியிருந்தது குர்ஆன் அல்ல, செங்கல் என்று சொல்லும் கதையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஏமாந்தவளை மேலும் ஏமாளியாக்கிக் காட்டத்தான் அது உதவுகிறது. 1752இல் இதே சந்தா சாகிப், தஞ்சைத் தளபதி மானோஜியின் வாக்கை நம்பிச் சரணடைந்து தலையை இழந்தார். அவரை யாரும் பேதை என்று எழுதுவதில்லை. போர்க்களத்துத் துரோகம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

அவளிடம் குற்றமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. சுவீகாரப் பிள்ளையை முன்னிறுத்தி வங்காருவோடு ஆரம்பத்திலேயே சமாதானம் செய்துகொள்ள வழி இருந்தது. கோடி ரூபாய் பேசத் துணிந்தவள் அதில் ஒரு பகுதியையாவது சொந்தப் படைக்குச் செலவிட்டிருக்கலாம். கோட்டைக் கதவைத் திறந்தது பெரும் பிழை. அதை அவள் கணக்கில்தான் எழுத வேண்டும். ஆனால் வெளியாளிடம் போவதில் முந்திக்கொண்ட வங்காருவின் பேர் யாருக்கும் நினைவில்லாமல், பழி முழுவதும் அவள் ஒருத்தியின் தலையில் விழுந்திருப்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பேத்தியிடம் வங்காருவைப் பற்றியும் சொல்லுங்கள். அவள் யார் பக்கம் நிற்கிறாள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். மாசி கடைசியில் திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்கு வருவேன். நீங்களும் பேத்தியும் வருவதாக இருந்தால், அருங்காட்சியகமாக இருக்கும் நாயக்கர் தர்பார் மண்டபத்தை மூவரும் சேர்ந்து பார்த்து வரலாம். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
சுப்பிரமணியம்