கில்லிக்கு விதி கேட்டு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கமுங்க. வரும் வெள்ளிக்கிழமை முதல், கடைசி இரண்டு பாடவேளைகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கில்லி, பாண்டி, பல்லாங்குழி சொல்லித்தரப் போகிறோம். அதற்காக ஆசிரியர் அறையில் உட்கார்ந்து விதிகளை எழுதத் தொடங்கினோம். பத்தே நிமிடத்தில் சண்டை வந்துவிட்டது. எனக்குச் சொந்த ஊர் காங்கேயம் பக்கம், கணக்கு டீச்சருக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம்.

கில்லியில் பாதி வரை தகராறே இல்லை. தரையில் நீளவாக்கில் சின்னக் குழி. இரு முனையும் சீவிய சின்னக் குச்சியான புள்ளைக் குறுக்கே வைத்து, கிட்டி என்ற நீளக் குச்சியால் நெம்பி விடுவோம். எதிரணி அந்தரத்தில் பிடித்துவிட்டால் ஆள் அவுட். பிடிக்காவிட்டால், குழிமேல் குறுக்கே வைத்த கிட்டியில் படும்படி அவர்கள் புள்ளை எறிய வேண்டும். அதுவும் தப்பினால் புள்ளின் முனையைத் தட்டி எழுப்பி, அது கீழே விழுவதற்குள் ஓங்கி ஓர் அடி. போன தூரத்தைக் கிட்டியாலேயே அளந்து எண்ணுவோம். அப்புறம்தான் வம்பு. தட்டுவதற்கு ஒரு வாய்ப்பா, மூன்றா? தோற்றவர் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே குழிவரை ஓடி வர வேண்டுமா? டீச்சர் வேண்டாம் என்கிறார். பாட்டு இல்லாமல் என்ன கில்லி!

புள் கண்ணில் பட்டுவிடுமே என்ற பயம் நியாயமானது. என் புருவத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. அதனால் முனையைக் கொஞ்சம் மழுங்கலாகச் சீவி, எதிரே கயிறு கட்டி, பிடிக்கிற பிள்ளைகளை அதற்கு அப்பால்தான் நிறுத்துவோம். கிட்டியும் புள்ளும் நாங்களே செய்கிறோம். கொம்பு ஒடிக்கப் பிள்ளைகளைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பாதீர்கள், தோட்டத்துக்காரர் பிறகு என்னிடம்தான் வந்து நிற்பார்.

பாண்டிக்கு ஆளுக்கொரு ஓட்டுச்சில்லு போதும். பல்லாங்குழிக்கு 14 குழி, குழிக்கு 5 என்றால் ஒரு ஆட்டத்துக்கு 70 புளியங்கொட்டை வேண்டும். புளி தட்டிய வீட்டில் இருந்தால் ஒரு கை கொடுத்துவிடுங்கள்.

கம்பெனி வேலைக்குப் போகிறவர்களால் வர முடியாது, தெரியும். வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டிகளில், அப்பாரு, ஆத்தா, அப்பிச்சி, அம்மிச்சி யாரையாவது, கில்லி விதியைச் சொல்லி எங்கள் சண்டையைத் தீர்த்து வைக்க வெள்ளிக்கிழமை 2.30 மணிக்கு அனுப்பி வையுங்கள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருப்போம். டீச்சர் கட்சி பேசுகிறவர்களுக்கும் உண்டுங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்