வீடு கட்டி முடியிற வரைக்கும் குடும்பம் எங்க இருக்கும்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல நம்ம மலைநாட்டு தோட்டத்து ஆளுங்களுக்கு வீட்டுத் திட்டத்துல கட்டுற தனி வீடு, காணி உறுதி, ஏழு பேர்ச்சா பத்து பேர்ச்சான்னு நெறைய போடுறீங்க, அடிக்கல் நாட்டுற போட்டோ வருது, பொறகு ரிப்பன் வெட்டுற போட்டோவும் வருது. இந்த ரெண்டு போட்டோவுக்கும் நடுவுல ஒரு வருசமாவது ஓடிருது, சில எடத்துல அதுக்கும் மேல. அந்த காலம் பூரா அந்த குடும்பம் எங்க படுத்துச்சு, எங்க சோறாக்குச்சு, வயசுக்கு வந்த புள்ளைங்க எங்க குளிச்சுச்சுன்னு யாரும் எழுதி நான் பாக்கல. நான் மேசன் வேல செய்றவன், கொழும்புலயும் செஞ்சேன், இப்ப ரொம்ப காலமா நம்ம தோட்டப் பக்கந்தான். கட்டுற வீட்ட விட அதுக்கு பக்கத்துல போட்டிருக்கிற கொட்டில தான் எனக்கு பாத்தா பயமா இருக்கு, அதனால தான் இத எழுதுறேன்.

நம்ம ஊர்ல காணின்னா என்ன, சரிவு. சரிவ வெட்டினா தான் வீட்டுக்கு தரை கெடைக்கும். மண்ணு வெட்டுற பெக்கோ மெசின் வந்து மேல்பக்கம் வெட்டி அந்த மண்ண அப்படியே கீழ்ப்பக்கம் தள்ளி விட்டுட்டு போயிரும். ஏழு பேர்ச்னா ஏறக்குறைய 1900 சதுர அடி, வீடு 550 சதுர அடி, மிச்சம் நெறைய இருக்கிற மாதிரி பேப்பர்ல தெரியும், ஆனா வெட்டின மேடு, தள்ளுன மண்ணு, பாதை, மணல் கல்லு போடுற எடம் எல்லாம் கழிச்சா கெட்டித் தரைன்னு இருக்கிறது வீடு வர்ற எடம் மட்டுந்தான். அந்த எடத்த அத்திவாரத்துக்கு விடணும். அப்ப கொட்டில் எங்க போகும்? ஒண்ணு வெட்டின மேட்டுக்கு அடியில போகும், இல்லாட்டி தள்ளி விட்ட மண்ணு மேல போகும். அந்த காணியிலயே ஆள் படுக்கக் கூடாத எடம் அந்த ரெண்டுந்தான், ஆனா நான் வேல செஞ்ச சைட்டுங்கள்ல பாதிக்கு மேல கொட்டில் அங்க தான் நின்னுச்சு. காத்து படாதுன்னு மேட்டுக்கு அடியில போடுறாங்க. ஒரு எடத்துல மேட்டையே பின்சுவரா வச்சி மூணு பக்கம் மட்டும் தகரம் அடிச்சிருந்தாங்க, தகரம் மிச்சமாம். உள்ள போய் பாத்தா மண்ணு சுவர்ல கைய வச்சா ஈரம், அடியில ஒரு எடத்துல நூல் மாதிரி தண்ணி கசியுது, அந்த தண்ணி வர்ற எடத்துக்கு நேரா தான் பாட்டியோட கட்டில். அடுப்பு சூடு அங்க தான் வருதுன்னு அங்க போட்டுருக்காங்க. நல்ல எண்ணத்துல தான் செஞ்சிருக்காங்க. நான் வீட்டுக்காரர கூப்பிட்டு மேல ஏறி பாப்போம்னு கூட்டிட்டு போனேன், மேட்டு விளிம்புல இருந்து ஒரு முழம் தள்ளி நீளமா வெடிப்பு, விரல் போற அளவு. அன்னைக்கே கட்டில தூக்கி லயத்துக்கு, அவங்க இருந்த பழைய தோட்டத்து வரிசை வீட்டுக்கே, கொண்டு போனோம்.

வெடிப்பு, புதுசா கசிவு, தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்கலா வர்றது, மரம் சாயுறது, இதெல்லாம் மழை நாள்ல ஒரு தடவ சுத்தி வந்து பாத்தா தெரியும். மழையையும் அளந்து பாக்கலாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ற கணக்கு, 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினா கவனம், 100 தாண்டினா வெளிக்கிட ரெடியா இருக்கணும், 150 தாண்டினா அங்க இருக்கவே கூடாது. நேர் பக்கம் உள்ள ஒரு டின்ன வெட்டவெளியில வச்சி காலையில அளவுகோல விட்டு பாத்தா போதும், இதுக்கு படிப்பு ஒண்ணும் வேணாம். 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் வந்தப்ப நம்ம மலைநாட்டுல மண்ணு எப்படி எறங்குச்சு, எத்தன உசிர கொண்டு போச்சுன்னு எல்லாரும் பாத்தோம், அதுக்கு பொறகும் மேட்டுக்கு அடியில தகரம் அடிக்கிறத பாத்தா என்ன சொல்றது.

மாசமும் பாக்கணும். அட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கம் மே கடைசில இருந்து ஒகஸ்ட் செப்டம்பர் வரைக்கும் ஒரே ஊத்து. பண்டாரவளை, அப்புத்தளை, பசறை பக்கம் அந்த மாசங்கள்ல மழைய விட காத்து தான் கஷ்டம், அங்க பெரிய மழை ஒக்டோபர்ல பிடிச்சா ஜனவரி வரைக்கும் போகும். அதனால அட்டன்ல இருக்கிற மச்சான் சொன்னாருன்னு பண்டாரவளையில இருக்கிறவரு அதே மாசத்துல கொட்டிலுக்கு போனா சரி வராது. ஊவா காத்துக்கு கூரையில கல்லு, பழைய டயர் எல்லாம் தூக்கி வைப்பாங்க, காத்து தகரத்த தூக்குனா அந்த கல்லு எங்க விழும்னு யோசிக்கிறதில்ல. கல்லு வைக்காதீங்க, கம்பி போட்டு மரத்தோட இறுக்கி கட்டுங்க.

சரி மேடும் இல்ல மழையும் இல்லன்னே வைப்போம், தகரக் கொட்டில்ல ஒரு ராத்திரி படுத்தவங்களுக்கு தெரியும். உள்ள சோறாக்குன ஆவியும் ஆளுங்க மூச்சும் மேல போய் குளுந்த தகரத்துல பட்டு வேர்த்து நிக்கும், விடியக்காலம் அது சொட்டு சொட்டா விழும், வெளிய மழையே இருக்காது. புள்ளைங்களோட கொப்பி எல்லாம் நனைஞ்சி ஒட்டிக்கும். தகரத்துக்கு கீழ ஒரு தறப்பாள சரிவா இழுத்து கட்டினா அந்த தண்ணி ஓரமா வடிஞ்சிரும், செலவும் பெருசா இல்ல, ஆனா அடுப்பு பக்கம் தறப்பாள் வரக் கூடாது, பிடிச்சா நிமிசத்துல எரியும். கரண்டுக்கு பக்கத்து வீட்டுல இருந்து ஒரு வயர இழுத்து தகரத்து ஓட்டையால உள்ள விடுறாங்க, தகரத்து விளிம்பு அந்த வயர்ல உரசி உரசி தோல் போனா முழு கொட்டிலுமே கரண்ட் தான், அத நெனச்சாலே எனக்கு உடம்பு கூசும்.

இன்னொண்ணு சொன்னா சிரிப்பீங்க. கொட்டில்ல நனையாத ஒரே மூலை எதுவோ அங்க சீமெந்து மூட்டை இருக்கும். பலகை போட்டு, பொலித்தீன் விரிச்சி, சுவத்துல படாம அடுக்கி வச்சிருப்பாங்க, நானே தான் அப்படி வைக்க சொல்லுவேன், நம்ம மூடுபனிக்கு ஒழுங்கா வைக்கலன்னா சீமெந்து கட்டியாயிரும், இன்னைக்கு விக்கிற விலைக்கு அத தாங்க முடியாது. ஆனா அந்த பலகைக்கு பக்கத்துல சின்னப் புள்ள வெறுந்தரையில சாக்கு மேல படுத்திருக்கும். ஒரே நேரத்துல நெறைய மூட்டை எறக்காதீங்க, அந்தந்த வேலைக்கு வேண்டியத மட்டும் எறக்குங்கன்னு சொன்னா லொறி கூலி கூடும்ங்கிறாங்க, அதுவும் நியாயந்தான், நம்ம ரோட்டுக்கு லொறிக்காரன் கேக்குற காசு அப்படி.

அப்ப எங்க தான் இருக்கிறதுன்னு கேப்பீங்க. என்ன கேட்டா, முடிஞ்ச வரைக்கும் லயத்துலயே இருங்க. லயன் காம்பராவ நான் நல்லதுன்னு சொல்ல வரல, பத்துக்கு பன்னெண்டு அடியில நானும் பொறந்து வளந்தவன் தான், அதுல இருந்து வெளிய வரத்தான் இந்த வீடே கட்டுறோம். ஆனா கூரைன்னு ஒண்ணு இருக்கு, ஊத்துல இருந்து பீலியில வர்ற தண்ணி பழகின எடத்துல இருக்கு, பள்ளிக்கூடத்துக்கு புள்ளைங்க கூட்டமா போற பாதை இருக்கு, ராத்திரி நெஞ்சு வலின்னா கதவ தட்ட ஆள் இருக்கு. அத விட்டுட்டு ஏன் சைட்டுக்கு ஓடுறாங்கன்னா ரெண்டே காரணம். ஒண்ணு களவு, கம்பியும் சீமெந்தும் ராத்திரில காணாம போகும். அதுக்கு குடும்பமே போகணுமா? ஒரு ஆம்பள படுக்குற அளவு வாடி ஒண்ணு போதும். திட்டத்துல வீடு எல்லாம் வரிசையா பக்கத்துல பக்கத்துல தான வருது, நாலு வீட்டுக்காரங்க மொறை வச்சி காவல் இருந்தா ஒருத்தருக்கும் பாரம் இல்ல. ஒரு நாயும் வச்சிக்கலாம், சிறுத்தை தூக்காம இருந்தா.

ரெண்டாவது காரணம் தான் சிக்கல். புது வீடு வந்தா பழைய காம்பராவ ஒப்படைக்கணும் இல்ல ஒடைக்கணும்னு பேச்சு வரும், வீடு பாதியில இருக்கிறப்பவே அண்ணன் தம்பி குடும்பம் “நீங்க தான் போறீங்களே”ன்னு ஜாடையா கேக்க ஆரம்பிச்சிருவாங்க. ஒரே காம்பராவுல ரெண்டு குடும்பம் நெருங்கி கெடக்குறவங்கள குத்தம் சொல்லவும் முடியாது. ஆனா கூரை போட்டு, கக்கூஸ் வேல செஞ்சி, தண்ணி வந்த பொறகு தான் சாவி குடுப்போம்னு வீட்டுப் பெரியவங்கள வச்சி முன்னுக்கே பேசிருங்க, தோட்டத்து ஒபிஸ்லயும் ஒரு கடுதாசி குடுத்து வைங்க. வாய் வார்த்தை பின்னுக்கு நிக்காது.

டவுன்ல வாடகைக்கு போறதும் இருக்கு. கையில காசு உள்ளவங்களுக்கு, கொழும்புல புள்ள சம்பாதிச்சி அனுப்புறவங்களுக்கு சரி. நாள் சம்பளக்காரங்களுக்கு அட்வான்ஸ குடுத்தாலே ஒரு பக்க சுவர் போயிரும், அதோட சைட்ல யார் நிக்கிறது, பஸ் காசு யார் குடுக்கிறது. நுவரெலியா பக்கம்னா ஏப்ரல் சீசனையும் யோசிங்க, ரூம்ங்க எல்லாம் வர்றவங்களுக்கு நாள் கணக்குல நல்ல விலைக்கு போற மாசம் அது, வாடகைக்கு விட்டவரு அப்ப ஒரு மாதிரி பேசுவாரு.

லயமும் இல்ல, போக வேற எடமும் இல்ல, காணியிலயே தான் இருக்கணும்ங்கிறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணு தான், தகரத்துக்கு செலவழிக்காதீங்க, வீட்டோட குசினியையும் கக்கூஸையும் முதல்ல கட்டி முடிங்க. பிளொக் கல்லுல, சரியான அத்திவாரத்துல, பிளான்ல எங்க வருதோ அங்கயே. அதுக்கு மேல ஷீட்ட போட்டு உள்ள போயிருங்க, சின்னது தான், ஆனா நாளைக்கு கழட்டி எறிய வேண்டியதில்ல, போட்ட காசு வீட்டுலயே நிக்கும். வெட்டின மேட்டுல இருந்து எவ்வளவு தள்ளி கட்டணும்னா நான் பாக்குற கணக்கு, மேடு எத்தன அடி உயரமோ அத்தன அடியாவது தள்ளி. அவ்வளவு எடம் இல்லன்னா முதல்ல மேட்ட தாங்குற கல்லுக்கட்ட கட்டுங்க, அதுல தண்ணி வடிய பைப் துண்டு வைக்க சொல்லுங்க, வைக்காத கல்லுக்கட்டு பின்னால தண்ணி நின்னு ஒரு நாள் மொத்தமா சாயும். கக்கூஸ் குழி ஊத்துக்கும் பீலிக்கும் மேல்பக்கம் வரவே கூடாது, நம்ம சரிவுல மேல இருக்கிறது எல்லாம் கீழ வந்து சேரும், கீழ் லயத்துக்காரங்க குடிக்கிற தண்ணி அது. கொட்டில்ல இருக்கிறவங்க அந்த காலம் முழுக்க தேயிலைக்குள்ள போறத நான் பாத்திருக்கேன், அட்டக்கடி வேற, ராத்திரில பொம்பளைங்க டோர்ச்ச எடுத்துக்கிட்டு ரெண்டு பேரா போறாங்க. கக்கூஸ கடைசி வேலையா வைக்கிறது யார் கண்டுபிடிச்ச முறைன்னு எனக்கு விளங்கல.

இங்க தான் திட்டத்த நடத்துற ஆளுங்ககிட்ட எனக்கு கோவம். காச கட்டம் கட்டமா தான் விடுறாங்க, அத்திவாரம், சுவர், கூரைன்னு பாத்து பாத்து. காசு வீணாகாம இருக்க அது நல்ல முறை தான். ஆனா குசினியும் கக்கூஸும் முதல்ல முடிச்சேன்னு சொன்னா அது ஒரு கட்டமா கணக்குல வராது, அதனால எல்லாரும் முழு அத்திவாரத்த போட்டுட்டு காசு வர்ற வரைக்கும் தகரத்துக்குள்ள காத்துக்கிட்டு இருக்காங்க. இந்திய வீட்டுத் திட்டத்துல வீட்டுக்குன்னு ஒதுக்குற காச ஒம்பதரை லட்சத்துல இருந்து 28 லட்சமா கூட்டினாங்க, சந்தோசம். அந்த வரவுல குடும்பம் இடையில இருக்கிற எடத்துக்குன்னு ஒரு கட்டத்த சேத்தா என்ன? தனியா காசு கேக்கல, அதே காசுல முதல் கட்டம் கக்கூஸும் குசினியும்னு மாத்தி எழுத சொல்றேன்.

கொஞ்ச நாளைக்கு தானன்னு சொல்றவங்க கொஸ்லந்தை பக்கத்து மீரியபெத்தை தோட்டத்த நெனச்சிக்கணும். 2014 ஒக்டோபர் 29ல மண்ணு எறங்குச்சு, தப்பினவங்கள பள்ளிக்கூடத்துல வச்சி, பொறகு பழைய தேயிலை பெக்டரிக்குள்ள வச்சாங்க, பூனாகலையில வீடு குடுக்க 2016 ஆயிருச்சு. உலகமே பாத்துக்கிட்டு இருந்த எடத்துலயே அவ்வளவு காலம்னா யாரும் பாக்காத நம்ம கொட்டில் எத்தன காலத்துக்கு நிக்கும்.

இப்ப பல தோட்டத்துல அடுத்த வீடுகளுக்கு நெலம் வெட்டிக்கிட்டு இருக்காங்க. பெக்கோ நிக்கிறப்பவே வரிசைக்கு ஒரு கெட்டித் தரைய, மேட்டுல இருந்து தள்ளி, பொதுவா ஒதுக்கி, ஒரு பைப்பும் ரெண்டு கக்கூஸும் போட்டுட்டா கொட்டில் வேணும்ங்கிறவங்க எல்லாம் அங்க போட்டுக்குவாங்க. பெக்கோ எறங்கி போன பொறகு திருப்பி கூப்பிட்டா வராது, வந்தாலும் அந்த காச யார் குடுக்கிறதுன்னு மூணு ஒபிஸ் சுத்தணும். சங்கத்து தலைவருமார், பிரதேச சபை உறுப்பினருமார் உங்க பேப்பர காலையில கட்டாயம் பாக்குறவங்க, அதனால இத அவங்க கண்ணுல படுற பக்கத்துல போடுங்க.

இப்படிக்கு,
மேசன் ஒருத்தர், பொகவந்தலாவ
(பேர் போட வேணாம், நாளைக்கும் இதே ஆளுங்ககிட்ட தான் வேல கேக்கணும்)