கனலெத்தோவின் கறுப்பு வெள்ளை

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு வெயிலில் அலையாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அவள் அம்மாதான் இன்னும் நம்பாமல் இருக்கிறாள்.

பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் கனலெத்தோவின் வெனிஸ் ஓவியங்கள் பிக்சர் போஸ்ட்கார்டு மாதிரி இருப்பதாக எழுதியிருந்தாய். பெரிதாக மறுக்க மாட்டேன். ஊர் பார்க்க வந்த ஆங்கிலப் பிரபுக்கள் ஞாபகார்த்தமாக வாங்கிப் போனவைதானே பலவும். ஆனால் அவருடைய எட்சிங்குகளை, அதாவது செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த படங்களைப் பார்த்தாயா? அங்கே இருப்பது வேறு ஆள்.

1740-இல் ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் மூண்டதும் வெனிஸுக்கு வரும் ஆங்கிலேயர் குறைந்துபோனார்கள். எட்சிங்குகளில் பலவும் அதையொட்டிய வருடங்களில் செய்தவை. மொத்தமே முப்பது சொச்சம்தான். வாடிக்கையாளர் கேட்கும் பெரிய கால்வாயையும் அரண்மனைகளையும் பெரும்பாலும் விட்டுவிட்டு, மெஸ்த்ரே, பிரெந்தா ஆற்றோரத்து டோலோ, பதுவா என்று ஊருக்கு வெளியே போய்விடுகிறார். டோலோவில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகைக்கூட விடவில்லை. சில காட்சிகள் முழுக் கற்பனை. தொகுப்பின் தலைப்பிலேயே, சில நேரில் கண்டவை, சில மனதில் கண்டவை என்று சொல்லிவிடுகிறார். போஸ்ட்கார்டுக்காரர் செய்கிற காரியமா இது?

தொகுப்பைச் சமர்ப்பித்திருப்பது ஜோசப் ஸ்மித்துக்கு. 1744-இல் வெனிஸில் பிரிட்டிஷ் கான்சல் ஆனவர். கனலெத்தோவின் ஓவியங்களைப் பிரபுக்களுக்கு விற்றுக்கொடுத்ததும் அவர்தான். சரி, அந்த விசுவாசம் இருக்கத்தானே செய்யும்.

எனக்குப் பிடித்தது அந்தக் கோடு. மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தில் இட்டால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் நிற்கும் மைதான் தாளில் விழுகிறது. நிழல் வேண்டுமென்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு வலை பின்னுவது பலருடைய வழக்கம். இவர் அதைத் தொடுவது குறைவு. லேசாக நடுங்கும் கோடுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டே போகிறார். வானமும் அதுதான், தண்ணீரும் அதுதான், காரை உதிர்ந்த சுவரும் அதுதான். வெயில் அடிக்கும் இடத்தில் ஒன்றுமே போடாமல் வெறும் காகிதத்தை விட்டுவிடுகிறார், கண் கூசுகிறது. வண்ணத்தில் வரைந்தபோது இவ்வளவு வெயில் அவருக்கு வாய்க்கவில்லை என்பது என் கட்சி.

வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். கட்டுப் பிரித்து டாக்டர் சரி என்றதும் டோலோவிலிருந்து ஆரம்பி. அப்புறமும் போஸ்ட்கார்டு என்றால் நேரில் வா, சண்டை போடலாம்.

அன்புடன்,
ரகு