எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன பாவம்?

பாளையங்கோட்டை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் போட உட்கார்ந்தேன், ஆனால் நீ கேட்டிருந்த கேள்விக்கு ரெண்டு வரியில் ஏதோ எழுதி அனுப்ப மனசு வரவில்லை. முதலில், என் பேத்தி முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கிய புதுநன்மைப் பூசைக்கு, பக்கவாதம் வந்த உன் வீட்டுக்காரரை அந்த நிலைமையில் விட்டுவிட்டு கோயம்புத்தூரிலிருந்து நீ வந்தாயே, வீட்டில் எல்லோரும் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

வெள்ளை கவுனும் கையில் மெழுகுவர்த்தியுமாக நின்ற பிள்ளைகள் நெஞ்சில் தட்டிக்கொண்டு "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று சொன்னபோது உனக்குத் திக்கென்று இருந்தது என்று எழுதியிருக்கிறாய். "எட்டு வயசுப் பிள்ளை அப்படி என்னடி பெரும்பாவம் பண்ணியிருக்கும்?" நியாயமான கேள்விதான். எங்களிலேயே பல பேர் அதைக் கேட்காமல் பழக்கத்தில் தட்டிவிட்டுப் போகிறோம்.

நீ கேட்ட அந்த வரிக்கு முன்னால் இன்னொரு வரி உண்டு. "என் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும்" என்று வரும். எனக்கு அதில் கடைசியில் வருவதுதான் கனமாகப் படும். கெட்டது செய்தது மட்டுமில்லை, செய்ய வேண்டிய நல்லதைச் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றதும் கணக்கில் சேரும். அது மட்டுமில்லை, இறைவனிடம் மட்டும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்ள முடியாது, "சகோதர சகோதரிகளே உங்களிடமும்" என்று பக்கத்தில் நிற்பவர்களையும் சேர்த்துத்தான் அந்த ஜெபமே தொடங்குகிறது.

புதுநன்மைக்கு முன்னால் பிள்ளைகள் முதல்முறையாகப் பாவசங்கீர்த்தனம் செய்வார்கள், அதாவது சாமியாரிடம் தனியாகப் போய்த் தங்கள் பாவங்களைச் சொல்வார்கள். அதற்கு முன் மறைக்கல்வி டீச்சர் அவர்களை உட்கார வைத்து யோசிக்கச் சொல்வார்: யாரிடம் பொய் சொன்னாய், தம்பியை அடித்தாயா, வகுப்பில் எந்தப் பிள்ளையை விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்கினாய். பிள்ளை உள்ளே போய் என்ன சொன்னது என்று பெற்ற அம்மாகூடக் கேட்கக் கூடாது. சாமியார் உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் திருச்சபையை விட்டே விலக்கப்படுவார். பிறகு சின்னதாக ஒரு அபராதம், ஒரு ஜெபமோ, அடித்த தம்பியிடம் போய் மன்னிப்புக் கேட்பதோ. அவ்வளவுதான். பிள்ளையை மிரட்டுவதற்காக இதைச் செய்வதில்லை. நீ செய்தது ஒருத்தர் மேல் போய் விழுந்திருக்கிறது, அவருக்கு வலித்திருக்கிறது, அதைச் சரிபண்ணவும் வழி இருக்கிறது, இதைத்தான் அந்த வயசில் சொல்லிக் கொடுக்கிறோம்.

எல்லாப் பாவமும் ஒரே எடை என்றும் நாங்கள் நினைப்பதில்லை. அற்பப் பாவம் என்று ஒன்று, சாவான பாவம் என்று ஒன்று. சாவான பாவம் ஆவதற்கு, விஷயம் பெரியதாக இருக்க வேண்டும், தெரிந்தே செய்திருக்க வேண்டும், மனசு முழுவதும் சம்மதித்திருக்க வேண்டும். மூன்றும் சேராவிட்டால் இல்லை. ஜென்மப் பாவம் என்று நீ கேள்விப்பட்டதும், பச்சைக் குழந்தை ஏதோ குற்றம் செய்துவிட்டது என்ற அர்த்தத்தில் இல்லை. நாம் யாருமே நேராக நிற்கிற மனசோடு பிறப்பதில்லை, தப்பின் பக்கம் ஒரு சாய்வு நமக்குள் முதலிலிருந்தே இருக்கிறது என்பதுதான். புனித அகுஸ்தினார் தன் வாழ்க்கையை எழுதும்போது, 16 வயதில் கூட்டாளிகளோடு ராத்திரியில் ஒரு பேரிக்காய் மரத்தை உலுக்கிக் காய்களைத் திருடியதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். பசி கிடையாது, வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது, திருடியதில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்குத்தான் போட்டார்கள். பிறகு ஏன் செய்தேன், தப்பு என்பதாலேயே அது இனித்ததா என்று ஆயர் ஆன பிறகும் அந்த மனிதர் குடைந்து குடைந்து கேட்கிறார். சின்ன விஷயம் என்று தாண்டிப் போகாத அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் மீனா, "நாம எல்லாருமே பாவிங்கதானே" என்று பொதுவாகச் சொல்வது ரொம்பச் சுலபம். எல்லாரும் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டாம். பாவத்தை ஒருத்தர் நிஜமாகவே பெரிதாக எடுத்துக்கொண்டதை நான் எங்கப்பாவிடம்தான் பார்த்தேன். ஊரில் எங்கள் தோட்டத்துக்கும் பெரியப்பா தோட்டத்துக்கும் நடுவில் இருந்த எல்லைக்கல்லை, இளவயதில் ஒரு சண்டைக் கோபத்தில் அப்பா ரெண்டு தென்னை அளவுக்குத் தள்ளி நட்டுவிட்டார். பெரியப்பா செத்துப்போய்ப் பல வருஷம் கழித்து, ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லியிருக்கிறார். சாமியார் ஜெபம் எதுவும் சொல்லச் சொல்லவில்லையாம், நிலத்தைத் திருப்பிக் கொடு என்று மட்டும் சொன்னாராம். இதை அப்பாவே எங்களிடம் சொன்னார். சர்வேயரைக் கூட்டி வந்து சங்கிலி பிடித்து அளந்து, பெரியப்பா பையன்கள் பார்த்துக்கொண்டு நிற்க, தானே கடப்பாரையால் கல்லைப் பெயர்த்துப் பழைய இடத்தில் நட்டார். அவருக்கு அப்போது மூச்சிரைப்பு வேறு. அம்மா விடுங்க நான் ஆளைக் கூப்பிடுறேன் என்கிறாள், கேட்கவில்லை. அந்த ரெண்டு மரத்தில் இத்தனை வருஷம் பறித்த காய்க்கும் ஒரு கணக்குப் போட்டுப் பணம் கொடுத்தார். சுவிசேஷத்தில் சக்கேயு என்ற வரிவசூல்காரன், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்கிறானே, அதேதான். அதில் முக்கியமான ஒன்று, அவன் அந்த வாக்குக் கொடுப்பதற்கு முன்பே, இன்று உன் வீட்டில் தங்கப்போகிறேன் என்று இயேசு சொல்லிவிடுகிறார். ஊரே முணுமுணுக்கிறது. அன்பு முதலில் வந்துவிட்டது, அதனால்தான் அவனுக்குத் தன் கணக்கைத் திறக்கத் தைரியம் வந்தது.

தனி ஆள் பாவத்தோடு இது நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் மாதா கோயிலைப் பற்றி உனக்குத் தெரியுமோ தெரியாதோ. 1872-ல் கட்டியபோது ரெண்டு கால் பிரிந்த மாதிரி ரெண்டு நீண்ட கூடங்கள், ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார் முதலானவர்கள், நடுவில் தடுப்பு, ரெண்டும் சேரும் இடத்தில் ஒரே பீடம். தடுப்பை 1910 வாக்கில் எடுத்ததும், எங்கள் தனி இடம் எங்கள் உரிமை என்று வேளாளர்கள் வழக்கே போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சுவருக்கு ரெண்டு பக்கமும் நின்று நெஞ்சில் தட்டி "என் பாவமே" என்று சொல்லியிருக்கிறார்கள் இல்லையா, அந்தச் சுவர் மட்டும் பாவமாகத் தெரியவில்லை! இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்க்கிற ஊர்கள் இருக்கின்றன. அதற்கு என்னால் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

அப்புறம் நீ கடைசியில் சின்னதாக எழுதியிருந்த விஷயம். உன் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்திருந்தபோது ஜெபிக்க வந்த ஒருத்தர், மறைத்து வைத்த பாவத்தை அறிக்கை செய்தால்தான் கை வரும் என்றாராம். படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, "இவர் செய்த பாவமும் அல்ல, இவர் பெற்றோர் செய்த பாவமும் அல்ல" என்று இயேசுவே சொல்லியிருக்கிறார், யோவான் 9-ல் இருக்கிறது. நோயாளியின் கட்டிலண்டை நின்று அடுத்தவர் பாவத்தைத் தேடுகிறவருக்கு எங்கள் வேதத்தில் இடமில்லை. உன் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாக இதைச் சொல்.

விரல் மடக்க வருகிறது என்று எழுதியிருந்தாயே, அது நல்ல அறிகுறி. பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இங்கே என் மருமகளுக்கு இடமாற்றம் வரும்போல் இருக்கிறது, வந்தால் கோயம்புத்தூர் பக்கம்தான் கேட்கப் போகிறாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் நான் வருகிறேன், பத்து நாளாவது உன்னோடு இருப்பேன், ராத்திரி அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் ஆச்சு. கருப்பட்டி வேண்டுமா என்று எழுது, உடன்குடியிலிருந்து வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
ஸ்டெல்லா