நவம்பர் 1: பெங்களூரு டிபன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் பக்கம் டிபன் கடையும் மெஸ்ஸும் நடத்தும் அண்ணாச்சிகளுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

நவம்பர் 1 என்றால் நம் ஊரில் ராஜ்யோத்சவம், கர்நாடக மாநிலம் உருவான நாள். தெருமுனையில் மஞ்சள் சிவப்புக் கொடி, கன்னடத் தாய் புவனேஸ்வரி படத்துக்கு மாலை, காலையிலேயே ஒலிபெருக்கி. அதே தேதியில்தான் உலக வீகன் தினமும் வருகிறது. கறி, மீன், முட்டை மட்டுமல்ல. பால், தயிர், நெய், தேன் என்று எதையும் விலங்கிடமிருந்து எடுத்துக்கொள்ளாதவர்களின் நாள். அதையொட்டி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். புது மெனு போடச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். எதில் நெய் விழுகிறது, எதில் தயிர் சேர்கிறது என்பதை மட்டும் கேட்பவரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

நாளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1944 நவம்பரில், உலகப் போர் இன்னும் முடியாத நேரத்தில், இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்ற மரவேலை ஆசிரியரும் சில நண்பர்களும் வீகன் சொசைட்டியைத் தொடங்கினார்கள். ஏற்கெனவே சைவம் சாப்பிட்டவர்கள்தான் அவர்கள். பாலும் வேண்டாம் என்பவர்களுக்கு அங்கிருந்த சைவச் சங்கத்தின் பத்திரிகையில் தனி இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை, வெளியே வந்துவிட்டார்கள். ஆக, ஆரம்பத்திலிருந்தே சண்டை பாலைப் பற்றித்தான். 1994இல் சொசைட்டிக்கு 50 வயது ஆனபோது, அப்போது அதன் பொறுப்பில் இருந்த லூயிஸ் வாலிஸ் இந்த நாளை ஏற்படுத்தினார். தொடங்கிய மாதம் தெரியும், சரியான தேதி தெரியாது என்பதால் நவம்பர் 1ஐ வைத்துக்கொண்டார்.

இன்று பல நாடுகளில் அன்றைக்கு உணவுச் சந்தை, சமையல் வகுப்பு, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவது என்று நடக்கிறது. நவம்பர் முழுவதையுமே வீகன் மாதமாகக் கொண்டாடுபவர்கள் உண்டு. நம் ஊரில்? இந்திரா நகர், கோரமங்கலா கஃபேக்களில் பாதாம் பால் காபி, முந்திரி சீஸ் பீட்சா. தப்பில்லை. ஆனால் அங்கே இரண்டு பேர் சாப்பிடும் காசில் உங்கள் கடையில் ஒரு குடும்பமே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடும். வீகன் என்றாலே பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நீங்கள் நினைத்தால், அதற்கு வீகன்காரர்களான நாங்கள்தான் காரணம்.

உங்கள் அடுப்படியைப் பாருங்கள். இட்லியில் பால் இல்லை. தோசை மாவில் இல்லை. மெதுவடை, பூரி, எலுமிச்சை சாதம், புளியோதரை, கேழ்வரகுக் களி, கீரை மசியல், சுண்டல், ரசம், பெரும்பாலும் சாம்பாரும்கூட எண்ணெயோடு முடிந்துவிடுகிறது. எந்த கஃபேயும் இத்தனை வகையை இந்த விலைக்குத் தராது. சிக்கல் கடைசி நிமிடத்தில்தான் வருகிறது. தோசையைத் திருப்பும் முன் ஒரு கரண்டி நெய். பொடி இட்லிமேல் ஒரு கரண்டி. தேங்காய்ச் சட்னி நீண்டு வர வேண்டும் என்று கொஞ்சம் தயிர். குருமா கெட்டியாக இருக்கப் பால் ஏடு. ரவை இட்லியில் தயிர் இருப்பது பலருக்குத் தெரியும். போண்டா மாவில் இருப்பது தெரியாது. பரோட்டா மாவில் பாலோ முட்டையோ சேர்வது சாப்பிடுபவருக்குத் தெரிய வழியே இல்லை.

போன வருடம் ஒரு கடையில், பெயர் வேண்டாம், நெய் இல்லாமல் ஒரு தோசை என்று சொல்லி டோக்கன் வாங்கினேன். வந்த தோசை மினுமினுத்தது. கேட்டால் மாஸ்டர், "நெய் இல்ல சார், வெண்ணெய்" என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை. வெண்ணெயை விட்டுவிடச் சொல்லி அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இதற்கு நேர்மாறும் உண்டு: போர்டில் நெய் ரோஸ்ட், கல்லில் டால்டா. டால்டா தாவர எண்ணெயில் செய்வது. அந்த ரோஸ்ட்டை வீகன்காரர் தாராளமாகச் சாப்பிடலாம், நெய்க்குக் காசு கொடுத்தவர்தான் பாவம். உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் நல்லது.

சட்டம் உங்களை இதற்கு வற்புறுத்தவில்லை. மத்திய உரிமம் உள்ள, அல்லது 10 கிளைகளாவது உள்ள பெரிய ஹோட்டல்கள்தான் பால், நிலக்கடலை, கோதுமை போன்ற ஒவ்வாமைப் பொருட்களை மெனுவில் காட்ட வேண்டும். பாக்கெட் உணவுக்கு 2022இல் தனி வீகன் விதிமுறைகள் வந்தன. பச்சைச் சதுரத்துக்குள் வி எழுத்தும் சிறு இலையும் இருக்கும். பழைய பச்சைப் புள்ளி இருந்தால் பால் இல்லை என்று அர்த்தமில்லை, சைவம் என்றுதான் அர்த்தம். கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வரும் தோசைக்கு எந்த முத்திரையும் கிடையாது. அதற்கு உங்கள் வாய்ச்சொல்தான். பால் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களும், பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் அம்மாக்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள். வீகன்காரர்கள் குறைவு என்று ஒதுக்கினாலும் இவர்கள் குறைவில்லை.

பாலில் என்னப்பா கொடுமை, யாரும் மாட்டை வெட்டுவதில்லையே என்பீர்கள். மாடு பால் தர வேண்டுமென்றால் கன்று போட வேண்டும். அதில் ஏறக்குறைய பாதி காளைக் கன்று. டிராக்டர் வந்த பிறகு ஏருக்கும் வண்டிக்கும் அது வேண்டாம். உலகிலேயே அதிகப் பால், 2023-24இல் சுமார் 24 கோடி டன், இந்தியாவில்தான் உற்பத்தியாகிறது. அந்தக் கன்றுகளெல்லாம் எங்கே போகின்றன என்று யோசித்துப் பார்த்தவர்களில் சிலர் பாலை விட்டார்கள். நீங்களும் விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

அசைவ மெஸ் நடத்துபவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வீகனுக்கும் ஆசாரத்துக்கும் சம்பந்தமில்லை. பக்கத்து மேசையில் யார் என்ன சாப்பிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. சொல்லப்போனால் 'உயர்தர சைவம்' என்று போர்டு மாட்டிய இடத்தைவிட உங்கள் சாப்பாட்டில் நெய் குறைவு. சோறு, சாம்பார், பொரியல், ரசம் வாங்கிக்கொண்டு மோரை வேண்டாம் என்றால் முடிந்தது.

மிச்சம் காபிதான். பெங்களூரில் பாலில்லாத ஃபில்டர் காபி கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், தெரியும். ஆனால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் உங்களில் நிறைய. கருப்பட்டிக் காப்பி வீட்டில் குடித்து வளர்ந்தவர்கள். அதையும் சுக்குக் காப்பியையும் நவம்பர் 1 அன்று கடையில் போடுங்கள். ராஜ்யோத்சவ லீவு, கூட்டம் இருக்கும். கேசரியில் ஒரு சின்னச் சட்டியை மட்டும் தேங்காய் எண்ணெயில் கிளறிப் பாருங்கள். விற்காவிட்டால் அடுத்த வருடம் வேண்டாம். நெய், தயிர் எதிலெதில் உண்டு என்ற பட்டியலை மட்டும் கல்லாவுக்குப் பக்கத்தில் தமிழிலும் கன்னடத்திலும் ஒட்டிவிடுங்கள். அதை மறுநாள் கிழித்துவிடாதீர்கள். கருப்பட்டி விலை ஏறிக் கிடக்கிறது என்றால் டம்ளருக்கு ஐந்து ரூபாய் கூட வையுங்கள், கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர்